இருமும் கிளி

விடியற்காலை நாலு மணி இருக்கும். கூடத்தில் யாரோ ஒரு பெரியவர் இருமினார். பல வருஷம் பீடி குடித்த நெஞ்சிலிருந்து வரும் கனத்த இருமல். இழுத்து இழுத்து வந்து, கடைசியில் ஒரு செருமலோடு அடங்கியது. எங்கள் வீட்டில் அப்படி ஒரு பெரியவர் கிடையாது. எழுந்து போய்ப் பார்த்தேன். தெருவிளக்கின் வெளிச்சம் ஜன்னல் வழியாகக் கூண்டின் மேல் கோடுகோடாக விழுந்திருந்தது. உள்ளே, மூலைக்கம்பில் உடம்பெல்லாம் உப்பிப்போய் உட்கார்ந்திருந்தது முந்தைய நாள் மாலை வந்து சேர்ந்த சாம்பல் கிளி. என்னைப் பார்த்ததும் இறகுகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு குச்சிபோல் மெலிந்து நின்றது. இருமல் நின்றுவிட்டது.

கொண்டுவந்து விட்டவர், அதை வளர்த்த ஒரு பெரியவரின் தம்பி மகன். பெரியவருக்கு 78 வயது. வீட்டை விற்றுவிட்டு மகனோடு அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போய்விட்டார், அங்கே கிளிக்கு இடமில்லை. "அக்கா, பெரியப்பாகூட பதினாலு வருஷம் இருந்துச்சு. ராஜுன்னு கூப்பிட்டா திரும்பிப் பாக்கும். நாலு நாளா வாயே திறக்கல, சரியா சாப்பிடவும் இல்ல. நீங்க நல்லாப் பாத்துக்குவீங்கன்னு சொன்னாங்க" என்றார். கூண்டை இறக்கி வைத்துவிட்டு அவர் கிளம்பும்போது கிளி அவர் போன வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குத் தெரிந்த கடைசி மனிதர் அவர்.

இங்கே சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர்ப் பச்சைக்கிளியையோ பெரிய பச்சைக்கிளியையோ வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அப்படி ஒன்று உங்கள் கைக்கு வந்தால் வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் வழி. ராஜு ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் மழைக்காடுகளில் கூட்டம் கூட்டமாக வாழும் இனம். காட்டில் பிடித்து விற்றே அதை அருகச் செய்துவிட்டார்கள். 2017 ஜனவரியிலிருந்து காட்டில் பிடித்த சாம்பல் கிளிகளை நாடு விட்டு நாடு விற்பது உலக அளவில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. இந்தியாவில் ஏற்கெனவே வளர்ப்பில் இருப்பவற்றை, 2024-இல் வந்த விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கைமாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். அந்தக் காகிதங்களை வாங்கிக்கொண்டுதான் கிளியை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை கூண்டுக்கு அடியில் விரித்திருந்த செய்தித்தாளைப் பார்த்தேன். பறவையின் எச்சத்தில் மூன்று பகுதிகள் இருக்கும்: சுருண்ட மலம், வெள்ளைச் சுண்ணாம்புபோல் யூரிக் உப்பு, சுற்றிலும் தெளிந்த நீர். ராஜுவின் எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டியது எலுமிச்சைப் பச்சையாக இருந்தது. இன்னும் ஒன்றும் கண்ணில் பட்டது. மூச்சு விடும்போதெல்லாம் வால் ஏறி இறங்கியது. கிளி மூச்சுக்குச் சிரமப்படுகிறது என்பதற்கு வீட்டிலிருந்தபடியே காணக்கூடிய அடையாளம் இது.

பறவைகளைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் எங்கள் ஊரில் ஒருவர்தான் இருக்கிறார். அவரிடம் முதலில் இருமலைப் பற்றித்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "கிளிக்கு நம்மள மாதிரி இரும வராதுங்க. அதுக்கு உதரவிதானமே கிடையாது. அது அந்தப் பெரியவரோட இருமல். பதினாலு வருஷம் காலையில எழுந்ததும் கேட்ட முதல் சத்தம் அதுவாத்தான் இருக்கும். நோய் வேற இடத்துல இருக்கு" என்றார். சாம்பல் கிளிகளைப் பார்க்கும் மருத்துவர்கள் அடிக்கடி சந்திக்கும் குழப்பம்தான் இது. வீட்டுக்காரர் இருமினால் கிளியும் இருமும். கிளிக்கு நெஞ்சு சளி என்று பதறி வருவார்கள். சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை என்கிறோமே, சொல்லாததையும் அது சேர்த்து வைத்திருக்கிறது.

தொண்டையிலும் எச்சவாயிலும் பஞ்சால் ஒற்றி எடுத்து, கொஞ்சம் ரத்தமும் எடுத்து பிசிஆர் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்தது: கிளமிடியா சிட்டாசி. கிளிக்காய்ச்சல் என்று நாம் சொல்லக்கூடிய சிட்டகோசிஸ் நோயின் கிருமி. கிளியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. மருந்து டாக்ஸிசைக்ளின். 45 நாள். ஒரு நாளும் விடக்கூடாது.

இந்தக் கிருமிக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1929-இன் கடைசியிலும் 1930-இன் தொடக்கத்திலும் தென் அமெரிக்காவிலிருந்து கப்பலில் போன பச்சை அமேசான் கிளிகளோடு அது ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய் இறங்கியது. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் அன்னாபொலிஸ் நகரில், கிறிஸ்துமஸ் பரிசாக வந்த ஒரு கிளியால் ஒரு குடும்பமே காய்ச்சலில் விழுந்தது. அதை ஆராயப் புகுந்த அரசு ஆய்வுக்கூடத்தில் சார்லஸ் ஆம்ஸ்ட்ராங் என்ற விஞ்ஞானி நோயில் விழுந்து பிழைத்தார். அவருடைய உதவியாளர் பிழைக்கவில்லை. 1930 ஜனவரியில் அதிபர் ஹூவர் கிளி இறக்குமதிக்கே தடை போட்டார். அன்றைக்கு ஆன்டிபயாட்டிக் கிடையாது. இன்று டாக்ஸிசைக்ளின் இருப்பதால் மனிதருக்கும் கிளிக்கும் இது குணமாகக்கூடிய நோய். கவனிக்காமல் விட்டால்தான் ஆபத்து.

அந்தக் கதையில் நமக்கு வேண்டியது வேறொன்று. நோயைப் பரப்பிய கிளிகள் எல்லாமே இடம் மாற்றப்பட்ட கிளிகள். காட்டிலிருந்து கூண்டுக்கு, கூண்டிலிருந்து கப்பலுக்கு, கப்பலிலிருந்து கடைக்கு. கிளமிடியா சிட்டாசி ஒரு கிளியின் உடம்பில் மாதக்கணக்காக, வருஷக்கணக்காகக்கூட எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கும். பயணம், நெரிசல், குளிர், புது இடம், பழகியவரைப் பிரிவது என்று ஏதாவது ஒன்று அந்தப் பறவையை உலுக்கும்போது கிருமி தலைதூக்கும். எச்சத்திலும் மூக்குநீரிலும் வெளியேறத் தொடங்கும். ராஜுவுக்கு என் வீட்டில் தொற்று வரவில்லை. வீடு மாறியது, அதனால் உள்ளே இருந்த தொற்று எழுந்தது.

இது எப்படி நடக்கிறது? பயந்த பறவையின் அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிகோஸ்டீரோன் என்ற ஹார்மோனைக் கொட்டுகின்றன. நமக்குக் கார்ட்டிசால் எப்படியோ பறவைக்கு இது அப்படி. பருந்து பாயும்போது தப்பிப் பறக்க இது வேண்டும். சேமித்து வைத்த சக்தியை இது ரத்தத்தில் இறக்கிவிடும். ஜீரணம், நோயெதிர்ப்பு, இறகு வளர்ப்பு போன்ற அவசரமில்லாத வேலைகளை ஒத்திவைக்கும். பருந்து போனதும் அளவு தணிந்துவிடும். ஆனால் பருந்து போகவே இல்லையென்றால்? தெரியாத சுவர்கள், தெரியாத முகங்கள், தெரியாத சத்தங்கள் நடுவே ஒரு கிளிக்குப் பருந்து எப்போதும் தலைக்கு மேலேதான். ஒத்திவைத்த நோயெதிர்ப்பு வாரக்கணக்கில் ஒத்திப்போகிறது. கிருமிக்கு வேண்டியது அந்த அவகாசம்தான்.

இந்த ஹார்மோன் எவ்வளவு வேகமானது என்பதைப் பறவை ஆய்வாளர்களின் ஒரு பழக்கத்திலிருந்து புரிந்துகொள்ளலாம். ஒரு பறவையின் இயல்பான அளவை அளக்க வேண்டுமானால், அதைப் பிடித்த மூன்று நிமிடத்துக்குள் ரத்தம் எடுத்துவிடுவார்கள். தாமதித்தால், பிடித்ததால் வந்த பயமே அளவில் ஏறிவிடும்.

இப்போது சிக்கல் புரிந்திருக்கும். மருந்து கொடுக்கப் பிடிக்க வேண்டும். பிடித்தால் பயப்படும். பயம் கிருமிக்குத் துணைபோகும். ஒரு நாளைக்கு ஒருமுறை என்றாலும் 45 முறை ஒரு புது மனுஷி அதைத் துரத்திப் பிடித்து வாயில் எதையோ ஊற்றினால், 46-ஆம் நாள் கிருமி போயிருக்கலாம். அந்த மனுஷியின் கையைப் பார்த்து அலறும் ஒரு கிளி மிஞ்சியிருக்கும். கிளிக்கு ஞாபகம் நீளம், ஆயுளும் நீளம். சாம்பல் கிளி வளர்ப்பில் 40, 50 வருஷம் வாழக்கூடியது.

மருந்தை முதலில் கொடுத்து முடிப்போம், அன்பெல்லாம் பிறகு என்று பலரும் நினைக்கிறார்கள். அது பழகட்டும், மருந்தை மெல்லத் தொடங்கலாம் என்று வேறு சிலர். இரண்டும் தவறு என்பதே என் அனுபவம். பழக்குவதும் சிகிச்சையில் ஒரு பாதி. மருந்து கொடுக்கும் முறையே பழக்கும் முறையாகவும் இருக்க முடியும்.

குடிநீரில் கலந்து வைத்துவிடலாமே என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. கிளி அதிகம் தண்ணீர் குடிக்கும் பறவையல்ல. கசந்தால் அதையும் நிறுத்திவிடும். எவ்வளவு குடித்தது, எவ்வளவு சிந்தியது என்று கணக்கும் தெரியாது. மருந்து ரத்தத்தில் ஒரு நாள் ஏறி மறுநாள் இறங்கும். கிளமிடியா உயிரணுக்களுக்கு உள்ளேயே புகுந்து வாழும் கிருமி. அது பெருகும்போதுதான் டாக்ஸிசைக்ளினால் அதைத் தடுக்க முடியும், சும்மா உறங்கிக்கிடக்கும்போது தொட முடியாது. அதனால்தான் அளவு குறையாமல் அத்தனை நாள் தொடர்ந்து மருந்து இருக்க வேண்டியிருக்கிறது. இடையில் விட்டால், விட்ட இடத்தில் அது எழும்பும்.

ஆகவே சிரிஞ்ச். ஊசி இல்லாத 1 மில்லி பிளாஸ்டிக் சிரிஞ்ச். மருத்துவர் செய்து காட்டியதை இங்கே பொறுமையாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் தவறினால் கிளி மேசையிலேயே இறந்துபோகும்.

நம் மூச்சு உதரவிதானம் இறங்கி ஏறுவதால் நடக்கிறது. மார்பைச் சுற்றி யாராவது இறுக்கிப் பிடித்தாலும் வயிற்றால் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளலாம். கிளிக்கு அந்த வழி இல்லை. அதன் நுரையீரல்கள் விரிந்து சுருங்குவதே இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைய, உடம்புக்குள் இருக்கும் காற்றுப்பைகள் துருத்திபோல் வேலை செய்து காற்றை நுரையீரல் வழியாகத் தள்ளுகின்றன. மார்பெலும்பை அசையவிடாமல் பிடித்தால் துருத்தி நின்றுவிடும். கழுத்தைப் பிடிப்பதைவிட மார்பை அழுத்துவதுதான் பறவைக்கு ஆபத்து. அதன் மூச்சுக்குழாயின் வளையங்கள் முழு வட்டமானவை, எளிதில் நசுங்காது. கிளியைத் துண்டில் சுற்றும்போது தலையின் இரு பக்கத்தையும் தாடையருகே விரல்களால் தாங்க வேண்டும். துண்டு முதுகையும் இறக்கைகளையும் மூட வேண்டும். முன்பக்கம், மார்பு, தளர்வாக இருக்க வேண்டும். பறவைக்கு வேர்வை கிடையாது, துண்டுக்குள் சீக்கிரம் சூடேறிவிடும். வாய் திறந்து இரைத்தால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும், மருந்து போனாலும் போகட்டும்.

அடுத்தது வாய். கிளியின் நாக்கை நீட்டினால் அதன் வேர்ப்பகுதியில் நடுவே ஒரு சிறு பிளவு திறந்து மூடுவது தெரியும். மூச்சுக்குழாயின் வாசல் அது. உணவுக்குழாய் அதற்குப் பின்னால் போய், கழுத்தின் வலப்பக்கமாக இறங்கித் தீனிப்பையில் சேர்கிறது. எனவே கிளியின் இடது அலகோரத்தில் சிரிஞ்சின் முனையை வைத்து, எதிர்ப்பக்கம், அதாவது அதன் வலப்பக்கத்தை நோக்கி, சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நாக்கு அசைந்து விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்த சொட்டு. ஒரே அழுத்தாக அழுத்தினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். குழந்தைக்குப் பாலாடையில் புகட்டியவர்களுக்கு இந்தப் பொறுமை கைவந்தது. என் அம்மாதான் என்னைவிட நன்றாகப் புகட்டினாள்.

மருத்துவர் இன்னொன்றும் சொன்னார். "கூண்டுக்குள்ள கையை விட்டுப் பிடிக்காதீங்க. இந்த வீட்டுல அதுக்குன்னு இருக்கிற ஒரே இடம் அதுதான்."

முதல் சில நாட்கள் வேறு வழியில்லாமல் துண்டுதான். ஆனால் பிடிப்பது எப்போதும் சின்ன அறையில், கூண்டுக்கு வெளியே. ஒரே துண்டு, ஒரே நேரம். பின்னாலிருந்து, மேலிருந்து கை வராது. கிளிக்குக் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருக்கின்றன, பின்பக்கம் நடப்பதும் பெருமளவு தெரியும். மேலிருந்து இறங்கும் நிழல் அதற்குப் பருந்து. முன்னாலிருந்து, கீழிருந்து, பார்க்கும்படியாகத்தான் துண்டு வரும். புகட்டி முடித்ததும் ஒரு மாதுளை முத்து. முதல் நாள் அதை என் முகத்தின் மேலேயே துப்பியது.

இதற்கிடையே பழக்கும் வேலையும் தனியாக ஓடியது. காலையிலும் மாலையிலும் பத்துப் பத்து நிமிஷம். கூண்டிலிருந்து ஆறடி தள்ளி உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பேன். அதை நேராகப் பார்க்க மாட்டேன். இரு கண்ணும் முன்னால் வைத்து உற்றுப் பார்ப்பது வேட்டையாடும் பிராணியின் பார்வை. பக்கத்தில் ஒரு ஸ்டூலில் காலி சிரிஞ்ச் கிடக்கும். ராஜு சிரிஞ்சைப் பார்த்தால் ஒரு மாதுளை முத்தை அதன் கிண்ணத்தில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். மறுநாள் ஸ்டூல் ஓரடி அருகே வரும். உடம்பு இறுகி மெலிந்தால் மீண்டும் ஓரடி பின்னால். இந்தப் பின்வாங்கலைச் சரியாகச் செய்வதுதான் கஷ்டம். இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போமே என்று கை தானாக நீளும்.

ஆறாம் நாள் காலி சிரிஞ்சின் முனையை அலகால் தொட்டது. ஏழாம் நாள் அதில் மாதுளைச் சாறு இருந்தது. ஒரு சொட்டு முனையில் தொங்கியது. ராஜு தலையைச் சாய்த்து அதை ஒரு கண்ணால் பார்த்தது, பிறகு மறு கண்ணால் பார்த்தது. கருப்பு நாக்கின் நுனி வெளியே வந்து சொட்டைத் தொட்டது. கண்ணின் பாவை சட்டென்று சுருங்கி விரிந்தது. கிளிக்கு ஆர்வம் பிறக்கும்போது அப்படித்தான் ஆகும். அடுத்த நொடி அலகால் சிரிஞ்சைக் கவ்வித் தன் பக்கம் இழுத்தது.

ஒன்பதாம் நாள் துண்டை எடுத்து மடித்து வைத்தோம். சிரிஞ்சில் முதலில் சாறு, பிறகு மருந்து, பிறகு மறுபடி சாறு. இப்படித் தரலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டுதான் செய்தேன், எல்லா மருந்தையும் எல்லாப் பழச்சாற்றோடும் தரக்கூடாது. நாக்கில் மருந்து பட்டதும் தலையை உதறியது, ஆனால் ஓடவில்லை. கிளிக்கு நம்மைவிடச் சுவை மொட்டுகள் மிகக் குறைவு, நமக்கு ஆயிரக்கணக்கில் இருந்தால் அதற்குச் சில நூறுதான். ஆனாலும் கசப்பு தெரியாமல் இல்லை. அடுத்து இனிப்பு வரும் என்று தெரிந்ததால் நின்றது.

இது என் வீட்டு அதிசயம் ஒன்றுமில்லை. பரிசு கொடுத்துப் பழக்கினால் ஆய்வுக்கூடத்து மக்காவ் கிளிகளும் மருத்துவச் செய்முறைகளுக்குத் தாமாகவே ஒத்துழைக்கும் என்று டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்டிருக்கிறார்கள். வளர்ப்பவர்களும் மருத்துவர்களும் இதை முதல் வழியாக எடுத்துக்கொள்ள வேண்டும். கிளி நல்ல உடம்போடு இருக்கும்போதே சிரிஞ்சில் சாறு குடிக்கப் பழக்கிவிட்டால் பிறகு எந்த மருந்தும் பெரிய விஷயமாக இராது. நோய் வந்த பிறகு பழக்குவது, தீப்பிடித்த பிறகு கிணறு வெட்டுவதுதான்.

உணவிலும் ஒரு மாற்றம் செய்ய வேண்டியிருந்தது. கூண்டில் அலகு தீட்ட ஒரு கடல்நுரை தொங்கியது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்குமே, கணவாயின் ஓடு, அதுதான். மருத்துவர் அதை முதலில் எடுக்கச் சொன்னார். அதில் பெரும்பகுதி கால்சியம் உப்பு. டாக்ஸிசைக்ளின் சார்ந்த டெட்ராசைக்ளின் குடும்பத்து மருந்துகளைக் கால்சியம் குடலிலேயே பிடித்துக்கொள்ளும், ரத்தத்தில் சேரவிடாது. கிளி ஒழுங்காக மருந்து குடித்தும் குணமாகாமல் போவதற்கு இப்படி ஒரு கடல்நுரை காரணமாக இருக்கலாம். ஆனால் சாம்பல் கிளிகள் கால்சியக் குறைபாட்டுக்கு எளிதில் ஆளாகும் இனம். குறைந்தால் வலிப்பு வரும். ஒரு பக்கம் கூடாது, மறு பக்கம் வேண்டும். இந்த இழுபறியை நாமே தீர்க்கக் கூடாது. ரத்தப் பரிசோதனையை வைத்து மருத்துவர் தீர்ப்பார்.

மனிதருக்கான மருந்தை உடைத்துக் கிளிக்குக் கொடுக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காக ஒரு செய்தி. மாடுகளுக்கு வலிநிவாரணியாகப் போட்ட டைக்ளோஃபினாக், அந்த மாடுகளின் சடலத்தைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்தது என்று 2004-இல் கண்டுபிடித்தார்கள். நம் துணைக்கண்டத்தின் பாறுகள் ஏறக்குறைய ஒழிந்த கதை அது. இந்தியா 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது. மாற்றாகப் பாறுகளுக்குப் பாதுகாப்பானது என்று கண்ட மருந்து மெலாக்சிகாம். இதே மெலாக்சிகாம் கிளிகளுக்கும் வலிக்குத் தரப்படுகிறது. ஆனால் அமேசான் கிளி இனம் ஒன்றுக்கு, எடைக்கு எடை, நாய்க்குத் தருவதைப்போல் பல மடங்கு வேண்டியிருந்தது என்று ஆய்வில் தெரிந்தது. பூஞ்சைக்குப் பல பறவைகளுக்குத் தரும் இட்ராகொனசோல் சாம்பல் கிளிக்கு ஒத்துக்கொள்ளாது. ஒரு பறவைக்கு உயிர் கொடுப்பது இன்னொன்றுக்கு விஷமாகலாம். அளவும் மருந்தும் இனத்துக்கு இனம் மாறும், மருந்துக்கடையில் கேட்டு முடிவு செய்யும் விஷயமல்ல.

தினமும் எடை பார்த்தேன். சமையலறையில் வைத்திருக்கும் கிராம் தராசின் மேல் ஒரு சிறு கம்பைப் பொருத்தி, காலையில் முதல் எச்சம் போட்ட பிறகு, தீனிக்கு முன்னால். கிளி நோயை மறைக்கும். கூட்டத்தில் தளர்ந்து தெரிகிற பறவையைத்தான் வேட்டைப் பறவை குறிவைக்கும் என்பதால், முடிகிற வரை நலமாக இருப்பதுபோல் நிற்கும். தீனிக் கிண்ணத்தில் உமி கிடப்பதைப் பார்த்துச் சாப்பிட்டது என்று நாம் நம்பிவிடுவோம். தராசு ஏமாறாது. வந்த அன்று 412 கிராம். நாலாம் நாள் 389. உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அவசரம், அதற்கு முன்பே கூப்பிடுங்கள் என்று சொல்லியிருந்தார் மருத்துவர். ஐந்தாம் நாள் 388. நானும் அம்மாவும் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் இட்லியைச் சாப்பிட ஆரம்பித்தோம், அது பார்க்கும்படியாக. கிளி கூட்டத்தோடு தின்னும் பறவை. மற்றவை தின்பதைப் பார்த்துத்தான் இந்த இடத்தில் பயமில்லை என்று அறியும். ஆறாம் நாள் எங்களோடு சேர்ந்து அதுவும் கிண்ணத்துக்கு இறங்கியது. 393.

கூட்டம் என்பது சாம்பல் கிளிக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஓர் ஆய்வு உண்டு. குரோமோசோம்களின் முனைகளைக் காக்கும் டெலோமியர் என்ற பகுதி வயதாக ஆகக் குறுகும். தனியாக வளர்க்கப்பட்ட சாம்பல் கிளிகளின் டெலோமியர்கள், ஜோடியாக வளர்ந்த அதே வயதுக் கிளிகளுடையதைவிடக் குறுகியிருந்ததாக 2014-இல் எழுதினார்கள். தனித்திருந்த ஒன்பது வயதுக் கிளியின் அளவு, ஜோடியோடு இருந்த, 23 வயது மூத்த கிளியின் அளவை ஒத்திருந்தது. தனிமை உயிரணுவரைக்கும் இறங்குகிறது. ராஜு இழந்தது ஒரு வீட்டை என்று நான் நினைத்திருந்தேன். அதன் கூட்டம் முழுவதுமே அந்த ஒரு பெரியவர்தான்.

அமெரிக்க ஆய்வாளர் ஐரின் பெப்பர்பர்க் 1977-இல் சிகாகோவில் ஒரு கடையில் வாங்கி, 30 வருஷம் ஆய்வு செய்த அலெக்ஸும் சாம்பல் கிளிதான். நிறம், வடிவம், எண்ணிக்கை எல்லாம் சொல்லத் தெரிந்தது. ஒருமுறை அதைச் சிகிச்சைக்காக மருத்துவரிடம் விட்டுவிட்டு அவர் கிளம்பியபோது, மன்னிப்புக் கேட்டுத் திரும்பிப் போக வேண்டும் என்று அது சொன்னதாக எழுதியிருக்கிறார். தப்பு செய்ததால் தண்டிக்கிறார்கள் என்று நினைத்ததா, பழகிய சொற்களை எடுத்துவிட்டதா என்று அறிஞர்கள் விவாதிக்கட்டும். விட்டுவிட்டுப் போவது என்றால் என்ன என்பது அதற்குத் தெரிந்திருந்தது. எனக்கு அதில் சந்தேகமில்லை.

பெரியவருக்குப் போன் போட்டேன். இரண்டு காரணம். ஒன்று, கிளிக்கு இந்தத் தொற்று இருப்பதால் அவரும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உலர்ந்த எச்சத்தின் தூசியைச் சுவாசித்து மனிதருக்கு இது வரும், நிமோனியா வரை போகும். அவர் போய்ப் பார்த்தார், நெஞ்சில் ஒன்றுமில்லை. நாங்களும் கூண்டை ஒருபோதும் வறட்டுத் துடைப்பத்தால் கூட்டவில்லை. முகக்கவசம் போட்டு, எச்சத்தின் மேல் கிருமிநாசினித் தண்ணீர் தெளித்து, ஈரத்தோடு துடைத்து எடுத்தோம். வேறு பறவை இருந்திருந்தால் தனியறையே வேண்டியிருக்கும்.

இரண்டாவது காரணம், அவர் அன்றாடம் என்ன செய்வார் என்று கேட்பது. "காலையில காபி குடிக்கிறப்ப அதுக்கு ஒரு துண்டு கொய்யாப்பழம். ராத்திரி எட்டு மணிக்கு மேல விளக்கு அணைச்சு, பழைய வேட்டிய கூண்டு மேல போத்திடுவேன். 'படுத்துக்கோ சாமி'ன்னு சொல்லணும். சொல்லலைன்னா தூங்காது" என்றார். ஒரு வேட்டியைக் கூரியரில் அனுப்பி வைத்தார். துவைத்து வெயிலில் காயப்போட்டுத்தான் போர்த்தினோம். ராத்திரி எட்டு மணிக்கு அம்மா அந்த வாக்கியத்தைச் சொன்னாள். கிளி கழுத்தைத் திருப்பி அலகை முதுகிறகில் புதைத்துக்கொண்டது. கிளிக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருளும் அமைதியும் வேண்டும். புது வீட்டில் டிவி ஓடும் கூடத்தில் கூண்டை வைப்பவர்கள் அதைத்தான் முதலில் பறிக்கிறார்கள்.

கிளியை வேறு வீட்டுக்குக் கொடுக்கிறவர்கள் கூண்டோடும் தீனி டப்பாவோடும் இப்படி ஒரு குறிப்பையும் எழுதிக் கொடுத்தால் எவ்வளவோ நன்றாயிருக்கும்: எந்நேரத்துக்கு என்ன சாப்பிடும், எந்தச் சொல்லுக்குத் தூங்கும், எதைப் பார்த்தால் பயப்படும்.

இருபதாம் நாள் எச்சம் வெண்மைக்குத் திரும்பியது. மருந்தை நிறுத்திவிடலாமா என்று அப்போது தோன்றத்தான் செய்யும். நிறுத்தக் கூடாது. முப்பத்தோராம் நாள் ராஜு கூண்டுக் கதவு திறந்ததும் தானாக நடந்து வந்து ஸ்டூலில் ஏறி, சிரிஞ்சுக்காகக் காத்து நின்றது. நாற்பத்தைந்தாம் நாள் எடை 431 கிராம். மருந்து முடிந்து சில வாரம் கழித்து மறுபடி எடுத்த பிசிஆர் பரிசோதனையில் கிருமி இல்லை. கடல்நுரை கூண்டுக்குத் திரும்பியது.

விடியற்காலை இருமல் மட்டும் இன்னும் கேட்கிறது. அதோடு, அம்மா அடுப்பைப் பற்றவைக்கும் லைட்டரின் டிக் டிக் சத்தமும் இப்போது சேர்ந்திருக்கிறது.

யாராவது கிளியைக் கொடுக்கிறேன் என்று சொன்னால், சரி என்று சொல்வதற்கு முன் உங்கள் ஊரில் பறவை பார்க்கும் மருத்துவர் யார் என்று விசாரித்து வையுங்கள். ஒரு கிராம் தராசு வாங்கி வையுங்கள். வந்த முதல் வாரத்துக்குள் பரிசோதனை செய்துவிடுங்கள். கிளி இருக்கும் வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால், உங்கள் மருத்துவரிடம் வீட்டில் கிளி இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவராகக் கேட்க மாட்டார்.